பூட்டிய கோப்பைப் படிக்க: பகிர்ந்து திறப்பதா, நிழல் நகல் எடுப்பதா?

எடைமேடையில் ஓடும் ஒரு பழைய விண்டோஸ் புரொகிராம், லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரி சேர்த்துக்கொண்டே போகிறது. காலையில் திறந்த கோப்பை இரவு வரை மூடாது. அந்த வரிகளை உடனுக்குடன் எடுத்து சர்வருக்கு அனுப்ப வேண்டும். சி ஷார்ப்பில் வழக்கமான ஃபைல்.ரீட்ஆல்டெக்ஸ்ட் போட்டால், வேறொரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரொகிராம்) கோப்பை வைத்திருக்கிறது என்று ஐஓஎக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து நிற்கும். விண்டோஸ் கணக்கில் அது எர்ரர் 32.

கிடைக்கும் வரை திரும்பத் திரும்ப முயல்வது முதலில் தோன்றும் வழி. எழுதுகிற புரொகிராம் அவ்வப்போது கோப்பை மூடினால் அது போதும். நாள் முழுக்கத் திறந்தே வைத்திருப்பவனிடம் எத்தனை முறை கதவைத் தட்டினாலும் பலனில்லை. வட்டை நேரடியாகத் திறந்து, விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸின் அட்டவணையைப் பிரித்துப் படிப்பது தடயவியல் கருவிகளின் வேலை. வாடிக்கையாளர் இயந்திரத்தில் வைக்கும் நிரலுக்கு அது வேண்டாம். மீதி இரண்டு: பகிர்வு அனுமதியோடு திறப்பது, விஎஸ்எஸ் என்ற விண்டோஸ் வசதியால் வட்டின் அந்தக் கண நிலையை நிழல் நகலாக எடுத்து அதிலிருந்து படிப்பது. நான் தேர்ந்தெடுத்தது முதலாவதை.

விண்டோஸில் ஒரு கோப்பைத் திறக்கும்போது இரண்டு விஷயம் சொல்கிறோம்: நான் என்ன செய்யப் போகிறேன், கூடவே திறந்திருப்பவர்கள் என்ன செய்யலாம். இரண்டும் மற்றவர்கள் சொன்னதோடு பொருந்த வேண்டும். ரீட்ஆல்டெக்ஸ்ட் உள்ளுக்குள் கேட்பது ஃபைல்ஷேர்.ரீட். அதாவது 'நான் படிக்கிறேன், வேறு யாரும் எழுதக் கூடாது.' எழுதுகிறவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான், அப்புறம் எப்படித் திறக்கும்? பல நேரம் அவன் படிக்க அனுமதி கொடுத்துத்தான் வைத்திருப்பான். தகராறு நம் கோரிக்கையில்தான். கோப்பை நேரடியாகத் திறக்கும் ஃபைல்ஸ்ட்ரீமில், மற்றவர்கள் படிக்கவும் எழுதவும் விடும் ஃபைல்ஷேர்.ரீட்ரைட் என்று கொடுத்தால் சத்தமில்லாமல் திறந்துவிடும். எக்ஸெலில் திறந்து கிடக்கும் ஷீட்டையும் இப்படிப் படிக்கலாம். எழுதுகிறவன் மற்றவர்களுக்குப் படிக்கும் அனுமதியே தராமல் (ஃபைல்ஷேர்.நன் போல) திறந்திருந்தால் மட்டும் இந்த வழி அடைபட்டது.

நிழல் நகலுக்கு இந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது. மொத்த வால்யூமும் (டிரைவும்) ஒரு கணத்தில் எப்படி இருந்ததோ அப்படியே காட்டும். விண்டோஸ் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி ஹைவ், எஸ்க்யூஎல் சர்வரின் தரவுக் கோப்பான எம்டிஎஃப் போன்றவற்றுக்கு இதுதான் சரி. வெறுமனே படிக்கக் கிடைப்பதோடு, விஎஸ்எஸ் ரைட்டர் (விஎஸ்எஸ்ஸோடு பேசும் துணைப்பகுதி) உள்ள மென்பொருள் தன் தரவை ஒழுங்குபடுத்திக்கொண்டு நகலுக்கு இடம் கொடுக்கும். ஆனால் அட்மின் உரிமை வேண்டும். விஎஸ்எஸ்அட்மினின் கிரியேட் ஷேடோ கட்டளை சர்வர் பதிப்புகளில்தான் உண்டு. விண்டோஸ் 10, 11-இல் டபிள்யூஎம்ஐ என்ற விண்டோஸின் நிர்வாக இடைமுகம் வழியாகப் போக வேண்டும். ஒரு வரி எடைச்சீட்டுக்காக மொத்த டிரைவையும் உறைய வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: படிக்கிறவனால் எழுதுகிறவனுக்குத் தொந்தரவு வருமா? கோப்பைத் திறக்க முடிந்ததும் வேலை முடிந்தது என்று பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். இரவு 12 மணிக்கு எடைமேடை புரொகிராம் கோப்பை மூடி, நேற்றைய தேதியில் பெயர் மாற்றி, புதியதைத் தொடங்கும். பெயர் மாற்ற டெலிட் அனுமதி வேண்டும். அந்த நொடியில் நாம் வெறும் ரீட்ரைட்டோடு திறந்து வைத்திருந்தால் பெயர்மாற்றம் தோற்கும். எர்ரர் வருவது நம் திரையில் இல்லை, எடை போடும் பையனின் திரையில். நம் நிரலை யாரும் சந்தேகிக்கக்கூட மாட்டார்கள். ஆகவே ஃபைல்ஷேர்.டெலிட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

கொடுத்தால் மட்டும் போதாது. பெயர் மாறினாலும் நம் கைப்பிடி (திறந்த கோப்போடு நமக்குள்ள இணைப்பு) பழைய கோப்பையே தொடரும். புதியதில் விழும் வரிகள் கண்ணில் படாது. அதனால் திற, விட்ட பைட்டிலிருந்து படி, உடனே மூடு என்று வைத்துக்கொண்டேன். கோப்பின் நீளம் நாம் நின்ற இடத்தைவிடக் குறைந்திருந்தால் அது புதுக் கோப்பு. அதைத் தொடும் முன், நேற்றைய தேதியில் பெயர் மாறிய பழைய கோப்பில் மிச்சமிருக்கும் வரிகளைப் படித்துவிட வேண்டும். புதுக் கோப்பு சீக்கிரமே பெரிதாகிவிடும் இடங்களில் நீளத்தை நம்பாமல் கோப்பின் ஐடியை ஒப்பிடுவது நல்லது. நீளத்தையும் திறந்த ஸ்ட்ரீமிடம்தான் கேட்க வேண்டும். எழுதுகிறவன் மூடும் வரை டைரக்டரி பட்டியலில் பழைய அளவே தெரிந்துகொண்டிருக்கலாம். கோப்பு மாறியதைச் சொல்ல வேண்டிய ஃபைல்சிஸ்டம்வாட்சர் கம்மென்று இருப்பதற்கும் இது ஒரு காரணம். கடைசி வரி பாதியில் நிற்கலாம் என்பதால் கடைசி நியூலைன் வரை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த சுற்றுக்கு விடுகிறேன்.

எழுதுகிறவனைத் தொடாமல் படிப்பதில் நிழல் நகல் சுத்தம், மறுக்கவில்லை. ஆனால் அது வேறொருவரைத் தொடும். ஒரு நேரத்தில் ஒரு நகல் உருவாக்கம்தான் நடக்கும். நாம் நிமிடத்துக்கு ஒன்று என்று கேட்டுக்கொண்டிருந்தால், இரவில் ஓடும் பேக்கப் மென்பொருள் 'ஏற்கெனவே ஒன்று நடக்கிறது' என்ற பதிலோடு திரும்பக்கூடும். நம் நிரல் நடுவில் செத்தால் நீக்கப்படாத நகல்கள் வட்டில் கிடக்கும். அவற்றைத் துடைக்கவும் யாராவது வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒரு முறை படித்தால் போதும் என்றால் இந்தக் கணக்கு மாறும். அங்கே நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

இதெல்லாம் உள்ளூர் வட்டில் பார்த்தது. நெட்வொர்க் ஷேரில் நான் அதிகம் ஓட்டியதில்லை, அங்கே சோதித்துவிட்டு நம்புங்கள். லினக்ஸில் இந்தத் தலைவலியே இல்லை. பூட்டு அங்கே, மதிக்கிற நிரல்களை மட்டும் கட்டுப்படுத்தும் ஒரு மரியாதை ஏற்பாடு மட்டுமே. கட்டாயப் பூட்டு வசதியையும் 5.15 கெர்னலில் எடுத்துவிட்டார்கள்.

கோப்பு திறந்துவிட்டது, ஆனால் படிக்கும்போது எர்ரர் 33 வருகிறது என்றால் அது வேறு கதை. எழுதுகிறவன் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்டியிருக்கிறான். ஃபைல்ஷேரை மாற்றி அதை அசைக்க முடியாது. பெரும்பாலும் சில மில்லிநொடிகளில் விட்டுவிடுவான் என்பதால், அங்கே மட்டும் நான் திரும்ப முயலும் லூப் போட்டிருக்கிறேன்.