வாசிப்பு கேசட்டா, நேர்காணல் கேசட்டா: எதை முதலில் காப்பாற்றுவது?

குன்னூர் ஈரத்தில் கேசட் வைத்திருப்பவர்களுக்கு இது அவசரக் கேள்வி. ஐப்பசி மழை தொடர்ந்து பிடித்தால் நாடாவில் பூஞ்சை வரும். ஒரு கவிஞரின் மேடை வாசிப்பும் நேர்காணலும் கையில் இருந்தால், வாசிப்பைத்தான் முதலில் கணினியில் ஏற்றுவேன். அச்சில் அடி முடியாத இடத்தில் அவர் மூச்சு வாங்குவார். ஒரு சொல்லை இழுப்பார். கூட்டம் கேட்டால் அதே வரியைத் திரும்பப் படிப்பார். இதை எந்தத் தட்டச்சும் தராது.

நேர்காணலில் பெரும்பகுதியை எழுத்தில் மீட்டுவிடலாம். ஆனாலும் பதிலுக்கு முன் வரும் தயக்கம், நடுவே நழுவும் ஊர்ப்பேச்சு எல்லாம் போய்விடும். அதனால் நாடாவைத் தூக்கிப் போடாதீர்கள்.

சேமிக்க, ஒலியில் கொஞ்சத்தை விட்டுச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காமல் முழுதாக வைக்கும் வேவ் (WAV) கோப்புதான் சரி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ என்ற பதிவுத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். அப்புறம், இன்னொரு பிரதி மலைக்குக் கீழே கோவையில் யாரிடமாவது இருக்கட்டும்.