28 வருஷப் பழைய பென்ஸ், எட்டு வருஷமா என் கையில

2017ல வாங்கினேங்க, 1997 மாடல் பென்ஸ் இ220, பென்ஸ்காரங்க டபிள்யூ124னு சொல்ற பாடி, பூனாவுல அசெம்பிள் பண்ண வண்டி. அன்னைக்கு ஒரு ஆல்டோ என்ன விலையோ கிட்டத்தட்ட அந்தக் காசுதான், அதுலதான் எல்லாரும் ஏமாந்து போறோம், ஏன்னா கார் விலை இறங்கிடும் ஆனா ஸ்பேர் விலை இறங்காது, அது என்னைக்கும் பென்ஸ் ஸ்பேர்தான்.

இன்ஜினப் பத்திப் பயப்படவே வேணாம். 2.2 லிட்டர், 16 வால்வு, டைமிங் பெல்ட் கிடையாது செயின், ஆயில் ஒழுங்கா மாத்தினா அது பாட்டுக்கு ஓடும். காசு தின்னதெல்லாம் ரப்பர்தான். ஓடினாலும் காயும், சும்மா நின்னாலும் காயும், நம்மூரு வெயிலுக்குக் கேக்கவா வேணும். முதல் ரெண்டு வருஷத்துல இன்ஜின் மவுண்டிங், சக்கரத்தைத் தாங்குற லோயர் ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ், கதவு ஓர ரப்பர் பீடிங்னு வரிசையா மாத்தினேன். பென்ஸ் ஸ்டார் போட்ட டப்பாவுலதான் வாங்கணும்னு இல்லைங்க, லெம்ஃபோர்டர் மாதிரி சஸ்பென்ஷன் கம்பெனிங்க அவங்க பேருலயே விக்கிறாங்க, எனக்கு பாதி விலைதான் ஆச்சு. கதவு ஹேண்டில், லைட், சுவிட்ச் மாதிரி ஐட்டத்துக்கு பழைய ஸ்பேர் விக்கிற நம்ம கோவை உக்கடம், அங்க இல்லைன்னா சென்னை புதுப்பேட்டை. ஆனா பிரேக், புஷ் எல்லாம் பழசு வாங்காதீங்க ப்ளீஸ்.

வாங்கின புதுசுல வால்பாறை போனோம், ஆழியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுகிட்ட டெம்பரேச்சர் முள்ளு 80ல இருந்தது 110க்கு ஏறிடுச்சு, ஓரங்கட்டிப் பாத்தா ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெடிச்சு பச்சைத் தண்ணி சொட்டுது, வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசலை, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. கழட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சது, எனக்கு முன்னாடி யாரோ குழாத் தண்ணியா ஊத்தி ஊத்தி ரேடியேட்டர் பூரா உப்பு. அன்னையிலிருந்து கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா மாத்திடுவேன். முள்ளு 90ஐத் தொட்டதில்லை.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல ஸ்டியரிங் ஆட்டத்துக்கு ஸ்டியரிங் பாக்ஸையே மாத்தணும்னு ஒண்ணேகால் லட்சம் எஸ்டிமேட் குடுத்தாங்க. நம்ம சிங்காநல்லூர் மெக்கானிக் அண்ணன் அடியில படுத்துப் பாத்துட்டு "டிராக் ராட் எண்டு தாங்க போயிருக்கு"ன்னாரு, அதாவது ஸ்டியரிங்கை சக்கரத்தோட சேக்குற கம்பியோட மூட்டு. சில ஆயிரத்துல முடிஞ்சது. இந்த மாதிரி ஆள் கிடைக்கலைன்னா பழைய பென்ஸ் பக்கமே போகாதீங்க, அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

மைலேஜ் டவுனுக்குள்ள 7, ஹைவேல 11. ஆர்சி ரினீவல் 2017ல 600 ரூபா, 2022 ஏப்ரல்ல அதை 5,000 ஆக்கிட்டாங்க, பசுமை வரி தனி. இப்ப பெட்ரோல் பங்க்குல எல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான், அது பழைய ரப்பரைப் பதம் பாத்துடும்னு பெட்ரோல் ஹோஸ் பூரா எத்தனால் தாங்குற மாதிரி மாத்தியாச்சு. திரும்பவும் ரப்பர்!

ஆனா 100ல போறப்ப உள்ள ஒரு சத்தம் இருக்காதுங்க, சீட்டுல உக்காந்தா சேலம் வரைக்கும் முதுகு வலிக்காது. போன வருஷம் ரூஃப் துணி பசை விட்டு தலைமேல தொங்குச்சு, அதையும் ஒட்டியாச்சு. இந்த வாரம் வைப்பர். இதுல ஒத்தை வைப்பர்தான், மூலைக்குப் போறப்ப நீண்டு நடுவுல வர்றப்ப சுருங்கும், அந்த கியர்ல கிரீஸ் காஞ்சு கிறீச் கிறீச்னு கத்துது. மழைக்கு முன்னாடி கழட்டணும்.