ஒன்றரை லட்சம் ஓடிய வேகன்ஆர்: மூணு சிலிண்டர் எஞ்சினை நம்பலாமா?

2013-இல் நான் வேகன்ஆர் வாங்கியபோது வீட்டில் எழுந்த முதல் ஆட்சேபம் விலையைப் பற்றியது அல்ல. "மூணு சிலிண்டரா? உதறுமே!" என்றார் சித்தப்பா. அவரிடம் இருந்தது பழைய வேகன்ஆர், 1061 சிசி, நாலு சிலிண்டர். 2010-இல் மாருதி அதை நிறுத்திவிட்டு 998 சிசி, மூணு சிலிண்டர் கே10பி எஞ்சினைப் போட்டது. அதற்கு முன்பே, 2008 கடைசியில் மாருதியின் ஏ-ஸ்டார் காரில் வந்த எஞ்சின்தான் இது. ஆல்டோ கே10, செலேரியோ எல்லாவற்றிலும் ஓடியது இதே சரக்கு.

நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போய்த் திரும்புகிறேன். இப்போது மீட்டர் 1,52,000-ஐத் தாண்டிவிட்டது. எஞ்சினை இதுவரை பிரித்ததில்லை. செலவு வைத்ததெல்லாம் எஞ்சினைச் சுற்றி இருந்தவைதான், அதிலும் பாதி மனிதர்கள் செய்த வேலை.

சித்தப்பா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மூன்று பிஸ்டன்களும் மேலும் கீழும் போகும் விசை ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டு ஓரத்துப் பிஸ்டன்களும் சீசா பலகை போல எஞ்சினை ஆட்டப் பார்க்கும். ஆட்டத்தை வாங்கிக்கொள்வது எஞ்சின் மௌண்ட் என்கிற ரப்பர். திருநெல்வேலி வண்ணார்பேட்டை சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது கியர் கம்பி லேசாக நடுங்கும். அது இதன் சுபாவம். டேஷ்போர்டே கடகடக்க ஆரம்பித்தால் மௌண்ட் தேய்ந்துவிட்டது. எனக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாற்றினேன். நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது சீக்கிரம் என்று சொல்ல மாட்டேன்.

இழுவை எப்படி? 68 பிஎஸ் பவர், அது 6200 ஆர்பிஎம்மில். 90 என்எம் டார்க், அதாவது முறுக்கு விசை, அது 3500-இல். இந்த இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். கீழ் சுற்றில் உயர்ந்த கியரில் போட்டு அமுக்கினால் வண்டி முனகும், நகராது. பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது நாலு பேரும் பிரசாதப் பையும் இருந்தால் ஏசியை அணைத்து இரண்டாவது கியருக்கு இறக்கிவிடுவேன். எஞ்சின் சத்தம் போடும், போடட்டும். சமதரையில் ஒரு குறையும் இல்லை.

மைலேஜ், டேங்கை நிரப்பி நிரப்பி நானே கணக்குப் பார்த்தது: அம்பாசமுத்திரம் ரோட்டில் ஏசி இல்லாமல் லிட்டருக்கு 19, டவுனுக்குள் ஏசியோடு 15, 16. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. எத்தனாலில் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் அது எதிர்பார்த்ததே. பழைய வண்டிக்காரர்கள் பெட்ரோல் ஹோஸ்களை ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது.

சரி, தொந்தரவுகளுக்கு வருகிறேன்.

முதலாவது, வாட்டர் வாஷ். ஒரு கடைப் பையன் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேலேயே பிரஷரில் தண்ணீர் அடித்துவிட்டான். மறுநாள் முக்கூடல் விலக்கு தாண்டும்போது வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது, செக் எஞ்சின் விளக்கு மினுக்கியது. எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி ஸ்கேனரை மாட்டினார்: பி0302. இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. இந்த எஞ்சினில் பொறி தட்டும் ஒவ்வொரு பிளக்குக்கும் தலையில், அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனித்தனியாக ஒரு காயில். அண்ணாச்சி புதுக் காயில் வாங்கி வா என்று சொல்லவில்லை. இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டாவதில். ஓடவிட்டார். ஸ்கேனரில் இப்போது பி0303. "பாத்தீயளா டீச்சர், கோளாறு காயில் கூடவே நடந்து போவுது. பிளக்கு நல்லாத்தான் இருக்கு." வகுப்பில் ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றதை நிலையாக வை என்று நான் வருடம் முழுக்கக் கத்துவதை அவர் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டினார். பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு காயிலோடு முடிந்தது. மூன்றையும் மாற்றச் சொல்கிறவரிடம் இப்படி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆயில். பழைய எஞ்சின்களில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட டைமிங் பெல்ட் இருந்தது, காலம் பார்த்து மாற்ற வேண்டும். இதில் செயின், மாற்றத் தேவையில்லை என்பார்கள். ஆயில் ஒழுங்காக இருக்கும்வரை அது சரி. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம்தான் பலம். ஒருமுறை அண்ணாச்சி ஊரில் இல்லாததால் வேறொரு பட்டறையில் விட்டேன். "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் லாயக்கு" என்று 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் செயின் பக்கமிருந்து கரகரவென்று சத்தம். "என்னத்த ஊத்தி வச்சிருக்கானுவ?" என்று ஊர் திரும்பிய அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு, மேனுவல்படி இளகிய 5டபிள்யூ-30-க்கு மாற்றினார். சத்தம் நின்றது.

மூன்றாவது என் சோம்பல். ஏர் ஃபில்டரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்து, நிற்கும்போது எஞ்சின் தானாக அணைய ஆரம்பித்தது. ஸ்பிரே அடித்துத் துடைத்ததும் சரியாகிவிட்டது. எலி ஒயர் கடித்த கதையை விட்டுவிடுகிறேன், அது எந்த வண்டிக்கும் வரும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அதன் மேல் மூடியான ஹெட் இரண்டுமே அலுமினியம். உள்ளே அரிக்கும், அடைக்கும். ஒருமுறை நன்றாகச் சூடேறி ஹெட் வளைந்தால் கேஸ்கட்டோடு செலவு நிற்காது.

பழைய கே10பி வண்டி வாங்கப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்குப் போங்கள், விற்கிறவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ரிசர்வாயரில் நிறமுள்ள கூலன்ட் இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று பாருங்கள். அப்புறம் சாவியைத் திருகி, அந்தக் கரகர சத்தம் வருகிறதா என்று முதல் ஐந்து விநாடி காதைக் கொடுங்கள். "இப்பத்தான் சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் சார்" என்றால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.