ஏ.ஐ. கொள்கையில் கணக்குக் கேட்க: நாடாளுமன்றக் கேள்வியா, நிலைக்குழுவா, ஆர்.டி.ஐ.யா?

செயற்கை நுண்ணறிவுக்கான (ஏ.ஐ.) மத்திய அரசுத் திட்டமான இந்தியா ஏ.ஐ. மிஷனுக்கு 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தொகை 10,371.92 கோடி ரூபாய். அது யார் முடிவில் எங்கே போகிறது என்று கேட்க மூன்று வழிகள் உண்டு: நாடாளுமன்றக் கேள்வி, எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.).

எம்.பி. கேட்கும் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்டவை, அதாவது அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை, 20. துணைக்கேள்வி வரை போவது அதில் சிலதான். எழுத்தில் மட்டும் பதில் பெறுபவை 230 வரை. எல்லாமே கேள்வியின் வாசகத்தைப் பொறுத்தது. "அரசு எடுத்த நடவடிக்கை என்ன?" என்றால் திட்டத்தின் பெருமையே பதிலாக வரும். எத்தனை ஜி.பி.யு. (ஏ.ஐ.க்குத் தேவையான கணினிச் சில்லு), எந்தத் தேதியில், எந்த நிறுவனத்துக்கு, மணிக்கு என்ன கட்டணம் என்று (அ), (ஆ), (இ) பிரித்துக் கேட்டால் நழுவுவது கடினம். "தகவல் திரட்டப்படுகிறது" என்று பதில் வந்தாலும் விட்டுவிடக் கூடாது. அது உறுதிமொழி, 3 மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், கண்காணிக்கத் தனிக் குழுவே இருக்கிறது.

தகவல் தொடர்பு, தகவல் தொழில்நுட்ப நிலைக்குழுவில் 31 பேர். அமைச்சகச் செயலரையே வரவழைத்து மணிக்கணக்கில் விசாரிக்கலாம். 2024-25இல் மிஷனுக்கு ஒதுக்கிய 551.75 கோடி, திருத்திய மதிப்பீட்டில் 173 கோடியாகச் சுருங்கியது ஏன் என்று குடைவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கூட்டம் மூடிய அறையில் நடக்கிறது, பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, குழுவின் ஆயுளும் ஓராண்டே. தொழில்நுட்பம் பிடிபடும் நேரத்தில் உறுப்பினர்கள் மாறிவிடுகிறார்கள்.

ஆர்.டி.ஐ.க்கு எம்.பி. தேவையில்லை, 10 ரூபாய், 30 நாள். "ஏன்" என்று கேட்டால் நிராகரிப்பார்கள். கோப்புக் குறிப்பு, ஒப்பந்தம், கூட்டக் குறிப்பு ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு 8(1)(டி) பிரிவின் வணிக ரகசியம் குறுக்கே நிற்கும். ரகசியப் பகுதியை மறைத்து மீதியைத் தர 10-ஆம் பிரிவு வழி செய்கிறது. விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள். முதலில் எழுத்துக் கேள்வி, அதன் பதிலில் வரும் உத்தரவின் தேதியை வைத்து ஆர்.டி.ஐ.: எங்கள் தேர்வு இந்த வரிசைதான்.

மூன்றுக்கும் முன்பே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் போடும் விதியை இரு அவைகளிலும் 30 நாள் வைத்தாக வேண்டும். உறுப்பினர்கள் திருத்தம் கோரலாம். அமைச்சகம் நிறுவனங்களுக்கு அனுப்பும் அறிவுரைக் கடிதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சோதனை முடியாத ஏ.ஐ. மாதிரிகளுக்கு அரசின் அனுமதி வேண்டும் என்று 2024 மார்ச் 1இல் வந்தது அப்படியொரு அறிவுரையே. மார்ச் 15இல் அதை மாற்றி வேறொன்று வந்தது. இரண்டு வாரத்தில் கொள்கை திரும்பியது, அவையில் வைத்துத் திருத்த ஒரு தாள்கூட இல்லை. அறிவுரை எதுவானாலும், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், ஏன் விதியாக இல்லை என்பதைத்தான் எம்.பி.க்கள் முதல் கேள்வியாக வைக்க வேண்டும்.