ஒரு பிரிண்டர், இரண்டு கம்ப்யூட்டர்: ஏழு வருட அனுபவம்

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர், எனக்கொன்று, மகளுக்கொன்று. பிரிண்டர் ஒன்றே ஒன்றுதான். ஸ்கேனரும் சேர்ந்த லேசர் பிரிண்டர், வைஃபை கிடையாது. வைஃபை இல்லை என்பதற்காக நன்றாக ஓடுகிற பிரிண்டரை மாற்ற மனம் வரவில்லை. இந்த ஏழு வருடத்தில் மூன்று விதமாக அதைப் பகிர்ந்து பார்த்துவிட்டேன்.

முதலில் செய்தது விண்டோஸிலேயே இருக்கும் பிரிண்டர் ஷேரிங். என் கம்ப்யூட்டரில் பிரிண்டரைச் செருகி, ஷேரிங்கை டிக் செய்து, மகளின் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். பத்து நிமிட வேலை. ஹோம்குரூப் என்ற பகிர்வு வசதியை வைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 7-உடன் வந்த அந்த வசதி 2018-லேயே விண்டோஸ் 10-லிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஷேரிங்கில் குறை என்னவென்றால், அவள் அச்சடிக்க என் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். அது ஸ்லீப்பில் இருந்தால் அவள் அனுப்பியது வரிசையிலேயே நிற்கும். ஷேரிங்கில் போவதும் அச்சு மட்டும்தான், ஸ்கேன் போகாது. ஸ்கேன் எடுக்க அவள் என் நாற்காலிக்குத்தான் வர வேண்டியிருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து யூஎஸ்பி ஸ்விட்ச் வாங்கினேன். யூஎஸ்பியில் ஒரு கருவிக்கு ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் எஜமான். பிரிப்பான் வயர் போட்டு இரண்டிலும் ஒன்றாகச் செருக முடியாது. கேபிளைக் கழற்றி மாட்டும் வேலையைத்தான் இந்த உள்ளங்கை அளவுப் பெட்டி ஒரு பட்டனில் செய்கிறது. அழுத்தினால் பச்சை விளக்கு 1-லிருந்து 2-க்குத் தாவும். இரண்டு மூன்று நொடியில் அந்தக் கம்ப்யூட்டர் பிரிண்டரைக் கண்டுகொள்ளும். ஸ்கேனும் முழுதாக வேலை செய்யும். இரண்டும் ஒரே மேசையில் இருந்தவரை இதைவிட நிம்மதியான ஏற்பாடு கிடையாது.

ஆனால் அழுத்துமுன் கேட்க வேண்டும். ஒருநாள் அவள் நாற்பது பக்கம் அச்சுக்குக் கொடுத்திருந்தது தெரியாமல், ஸ்கேன் எடுக்க நான் பட்டனை அழுத்திவிட்டேன். "அப்பா, பாதியிலே நின்னுடுச்சு!" என்றாள். திருப்பி அழுத்தியதும் தாளின் தலையில் ஒரே ஒரு வரி, புரியாத குறிகளாக; மீதித் தாள் வெறுமை. அடுத்த தாளும் அப்படியே, அதற்கடுத்ததும். பிரிண்டரை அணைத்து, கம்ப்யூட்டரில் வரிசையையும் அழித்த பிறகுதான் நின்றது.

அதைவிட வலித்தது எக்ஸ்டர்னல் டிஸ்க் விஷயம். ஸ்விட்சில் காலியாக இருந்த போர்ட்டில் அதையும் செருகி வைத்திருந்தோம். பட்டனை அழுத்துவது, டிஸ்க்கைச் சொல்லாமல் பிடுங்குவதற்குச் சமம். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படிப் பிடுங்கியதில் ஒரு புகைப்பட ஃபோல்டர் முழுதும் போயிற்று. ஸ்விட்சில் டிஸ்க் மட்டும் வேண்டவே வேண்டாம். மின்சாரமும் ஒரு காரணம்: யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஸ்விட்சில் அதையேதான் எல்லாக் கருவிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கீபோர்டு, மவுஸ், வெப்கேம் என்றால் தாங்கும். டிஸ்க் சுழல ஆரம்பித்தால் திணறும்.

பிறகு மகள் தன் மேசையை உள் அறைக்கு மாற்றிக்கொண்டாள். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. கதவு வளைவைச் சுற்றிக் கொண்டுபோனால் போதவில்லை. பிரிண்டரை எந்தக் கம்ப்யூட்டரோடும் கட்டிப்போடக் கூடாது, அது தனியாக நிற்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் இயங்குதளமும், அச்சு வேலைகளை வாங்கி பிரிண்டருக்கு அனுப்பும் கப்ஸ் என்ற மென்பொருளும் போட்டு, பிரிண்டரை அதில் செருகினேன். இப்போது இரண்டு கம்ப்யூட்டரும் வீட்டு நெட்வொர்க்கில் 631 என்ற போர்ட் எண் வழியாக அதனிடம் நேராக அனுப்புகின்றன. நான் வீட்டில் இல்லாவிட்டாலும் அவள் வேலை நிற்பதில்லை. நான் எதிர்பார்க்காதது, போனிலிருந்தும் அச்சாகிறது. ஸ்கேனுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். எடுத்த படம் இருவரும் திறக்கக்கூடிய ஒரு ஃபோல்டரில் போய் விழும்.

இறங்குமுன் ஒன்றைப் பாருங்கள். பல கம்பெனிகளின் லினக்ஸ் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) சாதாரணக் கம்ப்யூட்டர் சிப்புக்கு மட்டும்தான் வரும். ராஸ்பெர்ரி பையில் இருப்பதோ ஆர்ம் என்ற வேறு வகைச் சிப். என் பிரிண்டருக்குத் திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) டிரைவர் ஒன்று கிடைத்ததால் தப்பித்தேன். அடுத்து, ரூட்டரில் ராஸ்பெர்ரி பைக்கு ஒரு நிலையான ஐபி, அதாவது மாறாத நெட்வொர்க் முகவரி, ஒதுக்கிவிடுங்கள். நான் செய்யாமல் விட்டதில், ரூட்டரை அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றது.

ஸ்விட்சும் வீண் போகவில்லை. என் மேசையில் ஆபீஸ் லேப்டாப்புக்கும் சொந்தக் கம்ப்யூட்டருக்கும் நடுவே கீபோர்டு, மவுஸ், வெப்கேமை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மூன்று வருடத்தில் ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு ஒருமுறை கெட்டது, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போது அந்தக் கார்டை அப்படியே நகலெடுத்து இன்னொரு கார்டில் போட்டு, சின்ன உறையில் வைத்துப் பிரிண்டரின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். எப்படி மாற்றுவது என்று மகளுக்கும் காட்டிவிட்டேன்.