கடன்காரங்க ஃபோனுக்கு நடுவுல தவணை ஒப்பந்தம் போட்டது: மூணு வருஷ அனுபவம்

கடன் தவணைய எங்களால முடிஞ்ச அளவுக்கு மாத்தி குடுங்கன்னு 2022 ஜூலையில பாங்குக்கு மொத லெட்டர் எழுதுனேன், இப்ப மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. இதப்பத்தி வீடியோல பேசுறவங்க எல்லாம் பாதி கட்டுனா போதும், செட்டில் பண்ணிடலாம்னு முடிவ மட்டும்தான் சொல்றாங்க. லெட்டர் குடுத்த நாளுக்கும் கையெழுத்து போட்ட பேப்பர் கைக்கு வர்ற நாளுக்கும் நடுவுல ஒரு காலம் இருக்கு பாருங்க, எல்லா கடனும் சேத்து எனக்கு அது கிட்டத்தட்ட எட்டு மாசம், அந்த எட்டு மாசத்துல தெனம் அடிக்கிற ஃபோன எப்படி சமாளிக்கிறதுன்னு யாரும் சொல்லல. அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

எங்களுக்கு வேலூர்ல சிஎம்சிக்கு எதிர்ல லாட்ஜுங்க இருக்குற சந்துல ஒரு சின்ன மெஸ். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம்ல இருந்து வைத்தியத்துக்கு வர்றவங்கதான் எங்க கஸ்டமர், கடுகு எண்ணெயில மீன் கொழம்பு வெக்க கத்துக்கிட்டதே அவங்களுக்காகத்தான். 2019ல நல்லா போச்சுன்னு கடை மேல பாங்க் லோன் வாங்கி காட்பாடி ஸ்டேஷன் பக்கம் ரெண்டாவதா ஒரு கடைய போட்டோம். 2020 மார்ச்சுல ரயில் நின்னுச்சு, சந்துல ஆளே இல்ல. ரிசர்வ் வங்கி மார்ச்சுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் தவணை கட்ட வேணாம்னு சொன்னப்ப நாங்க அத தள்ளுபடின்னே நெனச்சுட்டோம், ஆனா அந்த ஆறு மாசத்துக்கும் வட்டி ஏறிகினே இருந்துச்சு. அப்புறம் ஒரு கடன அடைக்க இன்னொரு கடன். 2022 ஜூன்ல கணக்கு போட்டு பாத்தப்ப பாங்குல 3,60,000, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில பர்சனல் லோன் 2,10,000, கிரெடிட் கார்டு 86,000, மகளிர் குழு கடன் 31,000, ஃபோன் ஆப்ல எடுத்தது 22,000, தெனம் வசூல் பண்ற தண்டல்காரருக்கு பாக்கி 14,000. இதுல நகை அடகு 1,80,000 சேக்கல, அத சேத்தா ஒம்பது லட்சத்த தாண்டிடும்.

மொதல்ல பண்ண தப்ப சொல்லிடுறேன். கடன செட்டில் பண்ணி தர்றோம்னு ஒரு ஏஜென்சி விளம்பரம் பாத்து ஃபோன் பண்ணோம், 15,000 ஃபீஸ் கேட்டாங்க, 5,000 அட்வான்ஸ் கட்டுனோம். அவங்க சொன்ன ஒரே யோசன எல்லாருக்கும் கட்டுறத நிறுத்துங்க, ஃபோன் வந்தா எடுக்காதீங்க, நாங்க பாத்துக்குறோம்னு. ஒரு மாசம் அப்படியே இருந்தோம், பவுன்ஸ் சார்ஜ் மட்டும் தவணைக்கு 590 ரூபா ஏறுச்சு, ஏஜென்சிக்காரர் ஃபோன எடுக்கவே இல்ல. நாச், அதாவது அக்கவுண்ட்ல இருந்து தவணை தானா எடுக்குற ஏற்பாடு, பவுன்ஸ் ஆனாலும் செக் பவுன்ஸ் மாதிரியே கேஸ் போடலாம், 2007 பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சட்டத்துல 25ஆவது பிரிவு இருக்குன்னு அப்ப எங்களுக்கு தெரியாது. அந்த 5,000 போனது போனதுதான்.

அதுக்கப்புறம் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல இருக்குற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போனேன். பொம்பளைங்களுக்கு வருமான வரம்பு எதுவும் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு ஃபோன் பண்ணியும் கேக்கலாம். அங்க இருந்த வக்கீல் அம்மா கடன் விவரத்த ஒண்ணும் கேக்கல, மொதல்ல ஒரு நோட்டு வாங்கிட்டு வாம்மான்னாங்க. மூணு மாசத்து வரவு செலவ எழுத சொன்னாங்க, மளிகை, சிலிண்டர், வாடகை, மாஸ்டர் சம்பளம், ரெண்டு பசங்க ஸ்கூல் ஃபீஸ் எல்லாம். எழுதி முடிச்சப்ப மாசத்துக்கு 18,000 மிஞ்சுச்சு. "இதுதாம்மா உன் நம்பர், யார் கேட்டாலும் இதுல இருந்துதான் குடுக்க முடியும், ஒருத்தனுக்கு ஒண்ணு இன்னொருத்தனுக்கு ஒண்ணு சொல்லாத, ஃபோன்ல தேதி குடுக்காத"ன்னாங்க. இந்த மூணு வருஷத்துல எனக்கு கெடச்சதுலயே பெரிய உதவி இந்த ரெண்டு வார்த்தைதான்னு இன்னிக்கும் சொல்வேன்.

ஏன்னா ஃபோன்ல நாம என்ன பண்றோம், அந்த நிமிஷம் தப்பிச்சா போதும்னு வெள்ளிக்கெழம கட்டுறேன்னு சொல்லிடுறோம். வெள்ளிக்கெழம காசு இருக்காது. அப்ப அவங்க சிஸ்டத்துல சொல்லி ஏமாத்துனாங்கன்னு ஏறிடும், அடுத்து பேசுறவர் அத வச்சிகினுதான் ஆரம்பிப்பார். நான் அதுக்கப்புறம் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன், "லெட்டர் குடுத்துருக்கேன் சார், தேதி இது, ரிஜிஸ்டர் நம்பர் இது, பதில எழுத்துல குடுங்க". திட்டுனாலும் இதேதான். மொத பத்து நாள் சொல்லும்போது கை நடுங்கும், அப்புறம் வாய் தானா சொல்ல ஆரம்பிச்சிடும். நோட்டுல பின்பக்கம் இருந்து ஒவ்வொரு ஃபோனும் எழுதுனேன், நேரம், நம்பர், பேரு சொன்னா பேரு, என்ன சொன்னாருன்னு. ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 23 ஃபோன் வந்துருக்கு.

லெட்டர்ல பெருசா ஒண்ணும் எழுதல, ஒரு பக்கம்தான். லோன் அக்கவுண்ட் நம்பர், வருமானம் எப்படி கொறஞ்சுச்சு, வரவு செலவு, மத்த கடன் எவ்ளோ, மாசம் எவ்ளோ எந்த தேதியில கட்ட முடியும். அத பிராஞ்சுக்கு ஒண்ணு, அவங்க குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒண்ணு ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பி ஒப்புகை அட்டைய நோட்டுலயே ஒட்டிட்டேன். இன்னொரு வேலையும் அதே வாரத்துல பண்ணிடணும், கடன் இருக்குற பாங்குலயே நம்ம வரவு அக்கவுண்ட்டும் இருந்தா காசு வந்த உடனே அவங்க எடுத்துக்க வழி இருக்கு, அதனால மெஸ் க்யூஆர் கோட வேற பாங்க் அக்கவுண்ட்டுக்கு மாத்துனோம். ஏமாத்துறதுக்கு இல்ல, மறுநாள் அரிசி வாங்க காசு வேணும், மெஸ் மூடுனா யாருக்குமே கட்ட முடியாதே.

பாங்க் மேனேஜர் நல்லபடியா நடந்துக்கிட்டார். 90 நாள் தாண்டி வராக்கடன்ல போயிட்டா என் கையில ஒண்ணும் இருக்காதும்மா, அதுக்குள்ள வந்தது நல்லதுன்னார், நாங்க போனது 70ஆவது நாளோ என்னவோ. செப்டம்பர் கடைசியில பேப்பர் வந்துச்சு, 11,100 கட்டிகினு இருந்தது 6,900 ஆச்சு, 72 மாசம். இதுல ஒண்ண மறைக்க விரும்பல, பழைய தவணையிலயே போயிருந்தா மூணேகால் வருஷத்துல முடிஞ்சிருக்கும், இப்ப வட்டி மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டோம்.

கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டிகினு இருந்தது மகா தப்பு, மாசம் மூணரை சதவீதம்னா வருஷத்துக்கு 42, அசல் அசையவே இல்ல. மொத்தத்தையும் 24 மாச தவணையா மாத்தி கார்ட முடக்க சொன்னோம், மாசம் 4,300. குழு கடன மட்டும் ஒரு தவணை கூட விடல, ஏன்னா நான் கட்டலன்னா பக்கத்து வீட்டு அக்காவும் எதிர் வீட்டு பொண்ணும் கட்டணும், அவங்க முகத்துல முழிக்க முடியாது. தண்டல்காரர்கிட்ட நோட்டையே காட்டுனேன், தெனம் 200 முடியாதுண்ணா, 100தான் முடியும், நாள் கூடும் ஆனா ஒரு நாளும் நிக்காதுன்னு. அவர் பக்கத்த திருப்பி திருப்பி பாத்துட்டு "இன்னா பண்றது, சரி குடு, ஆனா நிறுத்துன, வூட்டாண்ட வந்துருவேன்"னார். 140 நாள்ல முடிச்சோம். இதெல்லாம் சேத்து மாசம் 17,200 போச்சு, கையில 800 ரூபா.

அதனால ஃபைனான்ஸ் கம்பெனிக்கு குடுக்க ஒண்ணுமே இல்ல. காட்பாடி கடைய மூடி சாமான் வித்து, சீட்டு எடுத்து ஜனவரிக்கு மேல மொத்தமா ஒரு தொகை தர்றேன்னு எழுதிக்குடுத்தேன். அவங்க ஒத்துக்கல, அங்கதான் நெஜமான கஷ்டம். வசூலுக்கு வந்த ரெண்டு பேர் மத்தியானம் ஒரு மணிக்கு, மெஸ் நெறைஞ்சு இருக்குற நேரம் பாத்து, வாசல்ல நின்னு கத்துனாங்க. "ஊர் காச வாங்கி தின்னுட்டு இங்க யாவாரம் கேக்குதா"ன்னு. தமிழ் புரியாத கஸ்டமர்ங்களுக்கும் அது புரிஞ்சுச்சு. ரெண்டு டேபிள்ல பாதி சாப்பாட்டுல எழுந்து காச வச்சிட்டு போயிட்டாங்க, அதுல ஒருத்தர் மூக்குல டியூப் போட்ட சம்சாரத்துக்கு கஞ்சி வாங்க வந்தவர், கஞ்சிய வாங்காமலே போயிட்டார். எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு ராத்திரி சாப்பிடல, பேசவும் இல்ல, அத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு கலங்குது. குடியாத்தத்துல இருக்குற நாத்தனாருக்கும் ஃபோன் பண்ணி அவங்க தம்பி ஓடிட்டாரான்னு கேட்டுருக்காங்க.

அந்த வாரம்தான் வக்கீல் அம்மா ஒரு பேப்பர காட்டுனாங்க, 2022 ஆகஸ்ட் 12ல ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வசூலுக்கு ஃபோன் பண்ணக்கூடாது, மெரட்டக்கூடாது, நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தக்கூடாது, சொந்தக்காரங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருந்துச்சு. நோட்டுல இருந்து 7 மணிக்கு மேல வந்த 41 ஃபோன தனியா எழுதி, மெஸ் வாசல்ல நடந்தத தேதி நேரத்தோட எழுதி கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புனேன். 30 நாள் பதில் இல்ல. அப்புறம் பாங்க், ஃபைனான்ஸ் கம்பெனி மேல வர்ற புகார விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு, சிஎம்எஸ்ங்குற அவங்க புகார் தளத்துல புகார் போட்டோம், காசு ஒண்ணும் கெடையாது, வழி தெரியலன்னா 14448க்கு பேசலாம். மூணு வாரத்துல கம்பெனியில இருந்து வேற ஆள் பேசுனார், "மேடம்"னு கூப்பிட்டார். அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு ஃபோன், பகல்ல. நோட்டு மட்டும் இல்லன்னா அந்த புகார்ல எழுத என்கிட்ட ஒண்ணும் இருந்துருக்காது.

ஆப் கடன் வேற மாதிரி. 15,000 எடுத்து அதுக்கு மேலயே கட்டியாச்சு, இன்னும் 22,000ன்னாங்க, ஃபோட்டோவ அசிங்கமா மாத்தி அனுப்புவோம்னாங்க. அவங்களோட பேரம் பேசவே கூடாது. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சிட்டு சைபர் கிரைம் நம்பர் 1930க்கு புகார் பண்ணி, ஆப்ப தூக்கிட்டு, சொந்தக்காரங்க எல்லாருக்கும் நானே மொதல்ல சொல்லிட்டேன், இப்படி ஒரு ஃபோன் வரும் நம்பாதீங்கன்னு. சொல்ல வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா சொன்னதுக்கப்புறம் அவங்ககிட்ட மெரட்ட என்ன இருக்கு. ரெண்டு மாசம் விட்டு விட்டு வந்துச்சு, அப்புறம் நின்னுச்சு.

2023 பிப்ரவரியில நடந்த லோக் அதாலத்துல ஃபைனான்ஸ் கம்பெனி விவகாரம் முடிஞ்சுச்சு. கேஸ் போடறதுக்கு முன்னாடியே அங்க எடுத்துக்குவாங்க, கோர்ட் ஃபீஸ் இல்ல. அபராதம் எல்லாம் சேத்து 2,64,000ன்னு கணக்கு நீட்டுனாங்க, 1,50,000க்கு பேசி 30,000 வீதம் அஞ்சு தவணை. காட்பாடி கடை ஃப்ரீசர், பாத்திரம் வித்தது 62,000, சீட்டு 90,000, அதுலயே முடிச்சோம். ஒண்ணு கவனமா இருங்க, அங்க போடுற கையெழுத்து சிவில் கோர்ட் தீர்ப்பு மாதிரி, அப்பீல் கெடையாது, நம்மால முடியாத தொகைக்கு தலையாட்டிட்டா அப்புறம் அத வச்சே நிறைவேத்த வருவாங்க. கடைசி தவணை கட்டுன அன்னிக்கே பாக்கி இல்லன்னு சர்டிபிகேட் கேட்டேன், ஆறு வாரம் அலையவிட்டு குடுத்தாங்க.

இப்ப நெலம சொல்றேன். கார்டு 2024ல முடிஞ்சுச்சு, குழு கடன் எப்பவோ முடிஞ்சு திரும்ப எடுக்கல. பாங்க் தவணை 2028 வரைக்கும் ஓடும். நடுவுல ரெண்டு தடவ தவணை நாலஞ்சு நாள் தள்ளிப்போச்சு, ரெண்டு தடவயும் தேதிக்கு முன்னாடியே மேனேஜருக்கு எழுதிக் குடுத்துட்டேன், ஃபோனே வரல. 2024ல இருந்து லேட்டானா வட்டிக்கு மேல வட்டி போடாம தனி சார்ஜா போடணும்னு ரிசர்வ் வங்கி விதி மாறுனது ஸ்டேட்மென்ட்லயே தெரியுது. கடன ஒழுங்கா கட்டுனோமான்னு காட்டுற சிபில் ரிப்போர்ட்ல பாங்கும் கார்டும் சரியா இருக்கு, ஃபைனான்ஸ் கம்பெனி கணக்கு மட்டும் குளோஸ்டுன்னு இல்லாம செட்டில்டுன்னு, அதாவது முழுசா கட்டாம பேசி முடிச்சதுன்னு நிக்குது, பையனுக்கு காலேஜ் போக வண்டி லோன் கேட்டப்ப அதனாலதான் இல்லன்னுட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ ரிப்போர்ட் இலவசமா எடுக்கலாம், நான் ஜனவரியில எடுத்துடுவேன், ஒரு தடவ கார்டு முடிஞ்ச பின்னாடியும் பாக்கின்னு காட்டுச்சு, சர்டிபிகேட் இருந்ததால திருத்த முடிஞ்சுச்சு.

நகையில வளையல் வந்துடுச்சு, செயின் இன்னும் அடகுலதான் இருக்கு. பையன் பஸ்ல போறான். நோட்டு ரெண்டாவது வாங்கியாச்சு, ஆனா பின்பக்கம் மார்ச்சுக்கு அப்புறம் ஒரு ஃபோனும் எழுத வேண்டி வரல.