ஹாஸ்டல் நல்லாருக்குமான்னு கேக்குற தம்பிகளுக்கு

அட்மிஷன் போட வர்ற பசங்க எல்லாரும் கேக்குற கேள்வி இது. மூணு வருஷம் இருந்துட்டு அடுத்த மாசம் ரூமைக் காலி பண்றேன், அதனால ஒரேயடியா எழுதிடுறேன். காலேஜ் பேரு வேண்டாம். சென்னையில தண்டையார்பேட்டைப் பக்கம், மெட்ரோவுல இறங்கி நடந்து வந்துடலாம்.

ரூமுக்கு நாலு பேரு. ரெண்டு ஃபேன், ஒண்ணு சுத்தும். ஏழு மணிக்கு மேல மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறாது. பாத்ரூம்ல பாதிக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, அதனால பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கணும். குரல் வளம் இல்லாதவன் இருமணும். ராத்திரி ஒன்பதரைக்கு அட்டென்டன்ஸ். இவ்வளவுதான், கட்டடத்தைப் பத்திச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல.

நான் அருப்புக்கோட்டைக்காரன். முதல் செமஸ்டர்ல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஊருக்கு ஓடிடுவேன். (இங்கேருந்து கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு போறதே பாதி ஊருக்குப் போற மாதிரிங்கிறது வேற கதை.) எங்க மெஸ் டிவைடிங் சிஸ்டம். மாசத்துல ஆன மொத்தச் செலவையும் அவங்கவங்க சாப்பிட்ட நாளுக்கு ஏத்த மாதிரி வகுத்துப் பில் போடுவாங்க. ஊருக்குப் போறதுன்னா மூணு நாள் முன்னாடியே நோட்டுல எழுதி வைக்கணும். அதை எங்கிட்ட யாரும் சொல்லல. வீட்டுல அம்மா தோசை சுட்டுப் போட்ட நாளுக்கெல்லாம் இங்க நான் உப்புமா சாப்பிட்டதா பில் வந்துச்சு.

கத்துறதுக்குன்னே போனேன். மெஸ் செகரட்டரியா இருந்த சீனியர் அண்ணன் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "சண்டை போடணும்னா உள்ள வந்து போடு தம்பி. கமிட்டில ஒரு ஆள் குறையுது"ன்னாரு. அன்னைக்கு மாட்டுனவன்தான்.

கமிட்டின்னா பெரிய பதவி இல்ல. விடிகாலையில ஸ்டோர் ரூம் திறக்கும்போது பக்கத்துல நின்னு அரிசி, பருப்பு எடை பார்த்து இன்டென்ட்ல, அதான் சாமான் எடுக்குற சீட்டுல, கையெழுத்துப் போடணும். தூக்கம் போச்சு. ஆனா மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சமையல் மாஸ்டர்கூட காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போறது இருக்கே, அதுக்காகவே சேரலாம். நாலரை மணிக்குக் கேட்டைத் திறக்க வார்டன் சீட்டு வேணும். கம்மாய்க் கெண்டையும் விராலும் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு அங்க எல்லாம் மீனுதான். முதல் தடவை ஒரு கூடையைக் காட்டி நல்லாருக்குன்னேன். மாஸ்டர் ராயபுரத்துக்காரர். "இன்னாபா நீ, கண்ணு உள்ள போய்க்கீது பாரு. செவுளத் தூக்கு. செவப்பாவா கீது?"ன்னாரு. இப்ப சங்கரா, கானாங்கத்தை, பாறை எல்லாம் தூரத்துலேருந்தே சொல்லிடுவேன். ஊர்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுல வர்றது மட்டும்தான், விலை எகிறிடும். போன வருஷம் அந்த நேரத்துல நான் மீனை நிறுத்திட்டுக் கோழின்னு மாத்தச் சொன்னேன். அந்த மாசம் சாப்பிட்ட ஆளும் குறைவு, தலைக்குப் பில் கூடிப்போச்சு. முதல் வருஷம் நான் திட்டுன அதே வார்த்தையிலயே என்னைத் திட்டுனாங்க. ஒருத்தன் ரெண்டு வார்த்தை புதுசாவும் சேர்த்தான்.

குறை சொல்லாம விட்டா தப்பு. இங்க ஊர் ஊரா கூட்டம் சேருவாங்க. தர்மபுரி ரூம், மதுரை ரூம்னு பேரே இருக்கு. ஹாஸ்டல் டே வேலையை ஒரே கூட்டம் வருஷா வருஷம் தனக்குள்ளயே பிரிச்சுக்கும், கேட்டாலும் நாற்காலி தூக்குற வேலைதான் குடுப்பாங்க. எல்லா ஊர்க்காரனும் ஒண்ணா சேருற இடம் ரெண்டு: சமையல்கட்டு, கேரம் போர்டு. கேரம்ல எங்க வாட்ச்மேன் அண்ணன் பையன், ஒன்பதாவது படிக்கிறவன், எங்க எல்லாரையும் வரிசையா உக்காரவச்சு அடிப்பான். வெக்கப்பட ஒண்ணும் இல்ல. 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்குன காசிமா, பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணுதான். இந்த மண்ணுல கேரம் ஆடுறவங்ககிட்ட பந்தயம் கட்டாதீங்க.

அமைதியா படிக்கணும்னா வெளிய ரூம் பாருங்க. மொட்டை மாடி ஒண்ணுதான் வழி, அங்கயும் எவனாவது போன்ல அழுதுக்கிட்டிருப்பான்.

மார்க்கு: ரூமுக்கு அஞ்சுக்கு ரெண்டு. சாப்பாட்டுக்கு மூணரை. அந்த அரை நானும் எடை பார்த்த சாப்பாடுங்கிறதுக்காகப் போட்டது, வேணும்னா கழிச்சுக்குங்க.

கமிட்டிக்கு ஆள் எடுக்குற நோட்டீஸை ஆபீஸ் போர்டுல தேடாதீங்க, சமையல்கட்டு வாசல்ல ஒட்டியிருக்கும். ஊர்லேருந்து வரும்போது ஒரு தாழ்ப்பாளும் நாலு ஸ்க்ரூவும் எடுத்துட்டு வாங்க. ஸ்க்ரூ டிரைவர் மாஸ்டர்கிட்ட இருக்கு.